17ப + 23ந = 1000: மிகை முழுக்களில் எல்லா விடைகளையும் எடுப்பது எப்படி?

பேனா 17 ரூபாய், நோட்டு 23 ரூபாய். இரண்டும் கலந்து, சில்லறை மிஞ்சாமல் 1000 ரூபாய்க்கு வாங்க எத்தனை வழி? பேனாக்கள் ப, நோட்டுகள் ந என்றால் 17ப + 23ந = 1000. ப, ந இரண்டும் மிகை முழுக்களாக, அதாவது 1, 2, 3 போன்ற எண்களாக இருக்க வேண்டும்.

படி 1. ப, ந-வின் முன்னால் நிற்கும் எண்களான கெழுக்களின் (17, 23) மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.) 1. அது 1000-ஐ வகுக்கிறது, மேலே போகலாம். வகுக்காவிட்டால் முழு எண்ணில் விடையே கிடையாது.

படி 2. சிறிய கெழுவான 17-ஆல் எல்லாவற்றையும் வகுத்து மீதியை மட்டும் பாருங்கள். 23-க்கு மீதி 6, 1000-க்கு 14. ஆக, 6ந-ஐ 17-ஆல் வகுத்தால் 14 மிஞ்ச வேண்டும். 14-உடன் 17-ஐக் கூட்டிக்கொண்டே போங்கள்: 14, 31, 48. நாற்பத்தெட்டு ஆறால் வகுபடுகிறது. ந = 8, ப = (1000 − 184) ÷ 17 = 48.

கெழுக்கள் பெரிதாக இருந்தால் இதே வகுத்தலைத் திரும்பத் திரும்பச் செய்து எண்களைச் சிறிதாக்கலாம். ஆரியபடர் கி.பி. 499-இல் சொன்ன வழி இது; பின்னால் வந்தவர்கள் குட்டகம் என்றார்கள். எவ்வளவு அழகான யோசனை!

படி 3. 17 நோட்டின் விலையும் 23 பேனாவின் விலையும் ஒன்றே, 391 ரூபாய். எனவே ந 17 ஏறும்போது ப 23 இறங்கும்:

(48, 8), (25, 25), (2, 42)

அடுத்தது ப = −21. (48, 8)-க்கு முந்தையதைப் பார்த்தால் ந = −9. ஆக மூன்றே விடைகள்.

பலரும் இடறுவது இந்தப் படியில்தான். 6ப + 10ந = 64 என்று வைத்துக்கொள்வோம். (9, 1) ஒரு விடை. உடனே ப-வில் 10 குறைத்து, ந-வில் 6 கூட்டினால் ப = −1; வேறு விடை இல்லை என்று முடித்துவிடுவார்கள். ஆனால் (4, 4) இருக்கிறதே! முதலில் மீ.பொ.வ. 2-ஆல் வகுத்து 3ப + 5ந = 32 ஆக்குங்கள். அப்புறம் தாவல் 5-உம் 3-உம்தான்.

எக்செல்லில் ந-வுக்கு 1 முதல் 42 வரை போட்டும் கண்டுபிடிக்கலாம். சரிபார்க்க அது போதும். கற்றுக்கொள்ள தாளும் பென்சிலும்தான் என் தேர்வு.

பின்சேர்க்கை: பூச்சியத்தைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். மிகை முழுக்கள் என்றால் கூடாது. தொகை 391 ஆக இருந்தால் (23, 0), (0, 17) மட்டுமே வரும், அதாவது நமக்கு விடை இல்லை. 391-ஐத் தாண்டிய எந்த முழு ரூபாய்த் தொகைக்கும் குறைந்தது ஒரு விடையாவது உண்டு.