டொமைன் வாங்கும்போது வீட்டு விலாசத்தையும் போன் நம்பரையும் மறைப்பது எப்படி?

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மேல்மாடியில் இரண்டு அறை வைத்து கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்கள்கூட இப்போது சொந்த இணையத்தளம் கேட்கிறார்கள். புக்கிங் தளங்கள் வெட்டுகிற கொமிஷனைப் பார்த்தால் கேட்பதில் நியாயம் இருக்கிறது. என் மச்சாளுக்கு ஒரு டாட் கொம் எடுத்துக் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ட நம்பர் எல்லாருக்கும் தெரியுமோ?" என்பதுதான். அதற்குப் பதில் தேடிப் போய்ச் செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். டொமைன் என்ன, ஹோஸ்டிங் என்ன என்று விளக்கப் போவதில்லை. அதற்கு யூடியூப்பில் வேண்டிய அளவு வீடியோ கிடக்கிறது.

முதலில் ஒரு சின்ன முன்கதை. டொமைன் பதிகிறவரின் பெயர், விலாசம், தொலைபேசி, ஈமெயில் எல்லாம் முன்பு ஹூஇஸ் என்ற பொதுப் பதிவேட்டில் அப்படியே கிடந்தன. யாரும் பார்க்கலாம். 2018 மே 25இல் தனிநபர் தரவைப் பாதுகாக்கும் ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, டொமைன் விதிகளை வகுக்கும் ஐகான் அமைப்பு இவற்றில் பெரும்பகுதியை மறைக்கச் சொன்னது. டாட் கொம், டாட் நெட் போன்றவற்றுக்கு 2025 ஜனவரியிலிருந்து ஹூஇஸுக்குப் பதிலாக ஆர்டிஏபி என்ற முறை வந்துவிட்டது. "இப்ப எல்லாம் தானாவே மறையுது" என்று சொல்கிறவர்கள் இதை வைத்துத்தான் சொல்கிறார்கள். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதிவு.

படி 1: யாருடைய பெயரில்?

உங்கள் பெயரில். இணையத்தளம் செய்து தரும் தம்பி "அண்ணை, என்ட கணக்கிலேயே எடுத்துவிடுறன், உங்கட விவரம் வெளியே வராது" என்று சொன்னால் அன்பாக மறுத்துவிடுங்கள். அவர் பெயரில் பதிந்தால் டொமைன் அவருடையது. நாளைக்கு அவர் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய் வட்ஸ்அப்பில் பதில் போடாமல் விட்டால், உங்கள் கடைப் பெயர் அவர் கையில்தான் இருக்கும். கணக்கும் பாஸ்வேர்டும் உங்களிடம் இருக்கட்டும், வேலையை அவர் செய்யட்டும்.

பொய் விலாசம் கொடுப்பதும் வழியல்ல. விவரம் தவறு என்று யாராவது முறைப்பாடு செய்து, ரெஜிஸ்ட்ரார் (உங்களுக்கு டொமைனைப் பதிந்து விற்ற நிறுவனம்) கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லாவிட்டால் டொமைன் முடக்கப்படலாம். மறைப்பது வேறு, பொய் எழுதுவது வேறு.

படி 2: எங்கே வாங்குவது?

பிரைவசிக்கு, அதாவது உங்கள் விவரத்தை மறைக்கும் சேவைக்கு, தனிக் காசு கேட்கும் கடைக்குள் போகவே வேண்டாம் என்பது என் கட்சி. நேம்சீப், போர்க்பன், கிளவுட்ஃபிளேர் என்ற மூன்று ரெஜிஸ்ட்ரார்களிடமும் அது இலவசம். ஆனால் மூன்றும் ஒரே மாதிரி மறைப்பதில்லை.

நேம்சீப்பும் போர்க்பனும் உங்கள் விவரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிரைவசி நிறுவனத்தின் விவரத்தைப் போட்டுவிடும். நேம்சீப்பில் எடுத்தால் தேடுகிறவருக்கு ஐஸ்லாந்து நாட்டு விலாசம் ஒன்றுதான் தெரியும். கிளவுட்ஃபிளேர் அப்படிச் செய்யாது. மறைக்க வேண்டிய வரிகளை அழித்துவிட்டு, மாகாணத்தையும் நாட்டையும் விட்டுவைக்கும். விலையில் அது லாபம் வைப்பதில்லை, ஆனால் அவர்களுடைய நேம்சேர்வரைத்தான் (டொமைன் பெயரை உங்கள் தளத்துக்கு வழிகாட்டும் சேர்வர்) பாவிக்க வேண்டும். முதன்முறை வாங்குகிறவருக்கு நான் போர்க்பனைத்தான் சொல்வேன், பக்கம் குழப்பமில்லாமல் இருக்கிறது.

படி 3: படிவம் நிரப்புவது

இங்கேதான் என் தலை சுற்றியது. மச்சாள் முதல் வாங்கியிருந்த வேறொரு டொமைனைத் தேடிப் பார்த்தபோது, பெயர் இருந்த இடத்தில் "பிரைவசிக்காக மறைக்கப்பட்டது" என்று இருந்தது. தெருவும் நகரமும்கூட அப்படித்தான் மறைந்திருந்தன. ஆனால் அதற்குக் கீழே அவருடைய முழுப் பெயரும் வீட்டு இலக்கமும் பளிச்சென்று தெரிந்தன! பிரைவசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு எப்படி?

காரணம் படிவத்திலுள்ள இரண்டு கட்டங்கள். வரிகளை மட்டும் அழிக்கும் முறையில் பெயர், தெரு, நகரம், தபால் குறியீடு, தொலைபேசி, ஈமெயில் மறையும். நிறுவனம், மாகாணம், நாடு என்ற மூன்றும் பல இடங்களில் மறையாது.

நிறுவனம் என்ற கட்டம் கட்டாயமில்லை. வெறுமையாக விட மனம் வராமல் பலர் தங்கள் பெயரையே திரும்ப எழுதிவிடுகிறார்கள். தனிநபராக எடுக்கிறீர்கள் என்றால் அதை வெறுமையாகவே விடுங்கள். இன்னொரு விடயம், அங்கே ஒரு பெயர் இருந்தால் டொமைனுக்குச் சொந்தக்காரர் அந்த நிறுவனம்தான் என்று எடுத்துக்கொள்ளப்படும். வியாபாரப் பதிவுச் சான்றிதழ் இல்லாத கெஸ்ட் ஹவுஸ் பெயரை அங்கே எழுதினால், பிறகு உரிமையை நிரூபிக்க அலைய வேண்டிவரும்.

அடுத்தது மாகாணம். நம்முடைய விலாசங்கள் நீளம். தெருவுக்குக் கொடுத்த கட்டத்தில் இடம் போதாமல், வீட்டு இலக்கத்தையும் ஒழுங்கையின் பெயரையும் மாகாணக் கட்டத்துக்குள் தள்ளிவிடுகிறோம். அது அப்படியே வெளியே தெரியும். அங்கே கிழக்கு மாகாணம் என்று மட்டும் இருக்கட்டும். தெரு நீளமென்றால் இரண்டாவது விலாச வரியைப் பாவியுங்கள். 31000 போன்ற இலக்கம் தபால் குறியீட்டுக் கட்டத்துக்குள் போக வேண்டும், நகரத்தோடு ஒட்ட வேண்டாம்.

தொலைபேசிக்கு 94இல் தொடங்கும் முழு இலக்கம். ஈமெயிலுக்கு இதற்கென்றே ஒரு புது ஜிமெயில் திறந்துகொள்ளுங்கள். வாங்கப் போகும் டொமைனிலேயே உள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த ஈமெயிலும் நிற்கும், மீட்கும் கடிதம் உங்களுக்கு வந்து சேராது.

படி 4: பிரைவசியைக் காசு கட்டும்போதே போடுங்கள்

வாங்கிவிட்டுப் பிறகு போடலாம் என்று விடாதீர்கள். பழைய பதிவுகளைச் சேர்த்து வைத்து விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒருமுறை வெளியே தெரிந்த நம்பர் அவர்களிடம் தங்கிவிடும். பிறகு "உங்கள் வெப்சைட்டை கூகுளில் முதலில் கொண்டுவருகிறோம்" என்ற அழைப்புகளும், புதுப்பிக்கச் சொல்லும் போலிக் கடிதங்களும் வந்துகொண்டேயிருக்கும்.

படி 5: ஈமெயிலை உறுதிசெய்வது

வாங்கியவுடன் உறுதிப்படுத்தும் ஈமெயில் ஒன்று வரும். 15 நாட்களுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் தளம் நிறுத்தப்படலாம். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். சித்திரைக்குப் பிறகு, வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்கும் நேரத்தில், தளம் படுத்துக் கிடந்தால் கஷ்டம்.

படி 6: நீங்களே தேடிப் பாருங்கள்

லுக்அப் டாட் ஐகான் டாட் ஓஆர்ஜி என்ற பக்கத்துக்குப் போய் உங்கள் டொமைனைத் தட்டுங்கள். உங்கள் பெயர், நம்பர், தெரு மூன்றையும் அந்தப் பக்கத்திலேயே தேடுங்கள். ஒன்றும் அகப்படாவிட்டால் சரி. இதைச் செய்யாமல் "போட்டாச்சு" என்று எழும்பிவிடாதீர்கள்.

கெஸ்ட் ஹவுஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கீழே வீடு, மேலே அறைகள் என்றால் விலாசத்தை மறைத்து என்ன பயன்? கூகுள் மெப்பில் நீங்களே போட்டிருப்பீர்கள். உங்களுக்கு மறைக்க வேண்டியது சொந்தக் கைத்தொலைபேசி இலக்கமும் சொந்த ஈமெயிலும்தான். வியாபாரத்துக்குத் தனி சிம் ஒன்று எடுங்கள். வீட்டிலிருந்து டியூஷன் எடுக்கும் ஆசிரியைகள், அரசியல் எழுதுகிறவர்கள் நிலை வேறு, அவர்களுக்கு விலாசம்தான் முதல்.

பின்னர் சேர்த்தது: "அப்போ நான் யாரென்று யாருக்கும் தெரியாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். தெரியும். ரெஜிஸ்ட்ராரிடம் உங்கள் உண்மை விவரம் இருக்கிறது, நீதிமன்ற உத்தரவு வந்தால் கொடுப்பார்கள்.

இன்னொன்று: இலங்கையின் டாட் எல்கேக்கு இதெல்லாம் பொருந்துமா என்று பலர் கேட்கிறார்கள். நாட்டு டொமைன்களுக்கு அந்தந்த நாட்டுப் பதிவகம் வைத்ததுதான் சட்டம். டாட் எல்கேயும் டாட் இலங்கையும் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியின் கீழ் வருகின்றன, ஆகவே அவர்களுடைய நிபந்தனைகளை வாசித்துவிட்டு வாங்குங்கள். ஆசைப்பட்டு அமெரிக்காவின் டாட் யூஎஸ் எடுக்காதீர்கள், அங்கே பிரைவசி சேவைக்கே அனுமதியில்லை.

கடைசியாக வந்த சிக்கல்: ரெஜிஸ்ட்ரார் மாறியவர் ஒருவருக்கு நம்பர் வெளியே வந்துவிட்டதாம். பிரைவசி கூடவே பயணம் செய்வதில்லை, புது இடத்தில் அது போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றுவதற்கு முன் உரிமையாளர் பெயரைத் திருத்தவும் போகாதீர்கள், பல இடங்களில் அதற்குப் பிறகு 60 நாட்களுக்கு டொமைனை நகர்த்த விடமாட்டார்கள். முதலில் மாற்றுங்கள், பிரைவசியைப் போடுங்கள், அப்புறம் ஆறாம் படியைத் திரும்பச் செய்யுங்கள்.