கடைமடைக்குத் தண்ணீர் வந்தது எப்படி: என் அனுபவம்

மாதவரத்தில் குடியிருந்தாலும், செங்குன்றத்துக்கு அப்பால் ஏரிப் பாசனத்தில் எனக்குள்ள நிலம் வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடையில் இருப்பதால், மதகு திறந்து நான்கு நாளாகியும் வாய்க்காலில் ஈரம்கூடத் தென்படாத வேதனையைப் பல சாகுபடிப் பட்டங்களில் அனுபவித்தேன். ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிய வாய்க்காலில் என் பகுதியை மட்டும் ஆள் வைத்துத் தூர்வாரினேன். மேலே அடைப்பு அப்படியே இருந்ததால் செலவுதான் மிஞ்சியது.

2000ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டம் விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து பராமரிக்க வழிசெய்திருந்தும், நாங்கள் கூடிப் பேசாததே பெருங்குறை என்று உணர்ந்தேன். வீடுவீடாகச் சென்று பேசி, ஊரார் தாங்களே நீர்நிலைகளைப் பராமரிக்கும் பழைய குடிமராமத்து வழக்கப்படி, அவரவர் ஏக்கர் கணக்குக்கு ஏற்ப வாய்க்கால் நீளத்தைப் பங்கிட்டோம்; வர இயலாதவர் கூலி கொடுத்தார். தூர்வாருவதால், வாய்க்காலின் தொடக்கத்தில் நிலம் உள்ள மேல்மடைக்காரர்களுக்கு ஆதாயம் குறைவு என்பதால், அவர்களுடைய மடைகளை முதலில் சீராக்கினோம். இணக்கம் அங்குதான் பிறந்தது.

இந்த நவரைப் பட்டத்தில் இரண்டாம் நாளே என் வயலில் தண்ணீர் பாய்ந்தது.