விழப்போற மதிலைத் திருப்பிக் கட்ட மேசன் பிடிக்கிற ஆக்களுக்கு

மாரி முடிஞ்ச கையோட எங்கட யாழ்ப்பாணப் பக்கம் ஒழுங்கைகளால நடந்து போனா தெரியும், எத்தினை மதில் சரிஞ்சு போய் தடி முட்டுக் குடுத்து நிக்குது எண்டு. பிறகு அவசரத்தில ஆரோ சொன்ன ஒரு மேசனைக் கூப்பிட்டு, எவ்வளவு முடியும் எண்டு மட்டும் கேட்டு, பழைய அத்திவாரத்துக்கு மேலயே கல்லை அடுக்கிப் பூசி வெள்ளையும் அடிச்சு முடிச்சிடுவினம். நாங்களும் இணுவில் வளவில பின்பக்க மதிலுக்கு இதைத்தான் செய்தனாங்கள், ரெண்டு மாரி தாங்கேல்ல, மூண்டாவது மாரியில அதே இடத்தில அதே பக்கமாச் சரிஞ்சிட்டுது. போன காசை விட, பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளையள் அந்த மதிலோரம் விளையாடுறவை எண்ட நினைப்புத்தான் எனக்கு நித்திரையில்லாமப் பண்ணினது. அதால இதை விரிவா எழுதுறன், இன்னொரு ஆள் ரெண்டு தரம் கட்டக்கூடாது.

முதல் அலுவல், மேசனைத் தேடுறதுக்கு முன்னமே மதில் ஏன் சரியுது எண்டு நீங்களே ஒருக்கா வடிவாப் பாருங்கோ. எங்கட பக்கம் அனேகமா காரணம் நாலைஞ்சுதான். அத்திவாரம் ஆழம் காணாது, ஒரு அடி கூட வெட்டாமக் கட்டியிருப்பினம். இல்லாட்டி வேம்போ முருங்கையோ மதிலோட ஒட்டி நிண்டு வேர் தூக்கியிருக்கும். இல்லாட்டி ஒரு பக்கம் மண் உயரமா இருந்து, மாரித் தண்ணி போக வழியில்லாம அந்தப் பக்கம் நிண்டு தள்ளும், வளவை மண் போட்டு உயர்த்தின ஆக்களின்ர மதில் கூடுதலா இப்பிடித்தான் சரியுறது. கடற்கரைப் பக்கம் எண்டா உப்பு மணலில கட்டி, உள்ளுக்க கம்பி கறல் பிடிச்சு ஊதி தூண் வெடிச்சிருக்கும். நேர்குத்தா ஒரு வெடிப்பு எண்டா பெரும்பாலும் நீட்டு மதிலுக்கு நடுவில இடைவெளி விடாத பிழை. படிக்கட்டு மாதிரி கல்லுக்குக் கல் இறங்கிப் போற வெடிப்பு எண்டா நிலம் ஒரு பக்கம் தாழுது. மதில் முழுசா ஒரு பக்கம் சாஞ்சு நிண்டா தள்ளுறது மண் அல்லது தண்ணி.

இப்ப மேசன். போனில விலை சொல்லுறவரை எடுக்கவே எடுக்காதேங்கோ. நேர வரச் சொல்லுங்கோ, வந்தவர் எங்க பாக்கிறார் எண்டு நீங்கள் பாருங்கோ. எனக்கு ரெண்டாந்தரம் கட்டித் தந்த ஐயா வந்த உடன மதிலின்ர மேல்பக்கத்தைப் பாக்கவே இல்லை. குந்தியிருந்து ஒரு தடியால அடிமண்ணைக் கிண்டினார், வெடிப்புக்குள்ள விரலை விட்டு சாந்தைச் சுரண்டி எடுத்து உள்ளங்கையில வைச்சு நசுக்கினார், மாவாப் போச்சு. பிறகு கிணத்தடியில ஒரு வாளி தண்ணி எடுத்துக் கொண்டந்து தரச் சொல்லி மதிலடியில மெல்ல ஊத்திப்போட்டு, அது எந்தப் பக்கம் ஓடுது எண்டு பேசாமப் பாத்துக்கொண்டிருந்தார். "தம்பி, மதிலில பிழையில்லை, தண்ணி போற வழியை அடைச்சுத்தான் கட்டியிருக்கு" எண்டார். அதுக்குப் பிறகுதான் நான் விலையே கேட்டனான். உங்களிட்ட வாற மேசனிட்டயும் இந்த ஒரு கேள்வியைத்தான் முதல் கேளுங்கோ, இது ஏன் சரிஞ்சது ஐயா எண்டு. "பழசாப் போச்சு, அதுதான்" எண்டு மட்டும் சொல்லுறவர் அதையே திருப்பியும் கட்டித் தருவார்.

குறைஞ்சது மூண்டு பேரிட்டயாவது கேளுங்கோ, அவை முன்னம் கட்டின மதில் ரெண்டு மூண்டைக் காட்டச் சொல்லுங்கோ, புது மதில் வேண்டாம், மூண்டு நாலு மாரி கண்ட மதில். அந்த வீட்டுக்காரரோட ஒருக்கா கதைச்சா எல்லாம் தெரியும், சொன்ன நாளுக்கு வந்தவரோ, இடையில விட்டிட்டு வேற வேலைக்குப் போனவரோ எண்டு.

நாள் சம்பளமோ கொந்தறாத்தோ (முழு வேலைக்கும் ஒரு விலை பேசி விடுறது) எண்டது பெரிய கேள்வி. நாள் சம்பளம் எண்டா நீங்கள் பக்கத்தில நிக்க ஏலுமெண்டாத்தான் சரி, கொழும்பிலயோ வெளிநாட்டிலயோ இருந்துகொண்டு நாள் சம்பளத்துக்கு விட்டா இழுபடும். கொந்தறாத்து எண்டா வேலை கெதியா முடியும், ஆனா மண்ணுக்குள்ள போறதில கை வைப்பினம், ஏனெண்டா அது பேந்து ஒருத்தருக்கும் தெரியாது. என்ர அபிப்பிராயம், அத்திவாரம் முடியிறவரைக்கும் நாள் சம்பளம், அதுக்கு மேல கல்லு வைக்கிறது பூசுறது கொந்தறாத்து. எல்லாரும் ஓமெண்ண மாட்டினம், கேட்டுப் பாருங்கோ. எப்பிடிப் பேசினாலும் ஒரு கொப்பித் தாளில எழுதி ரெண்டு பேரும் ஒப்பம் வையுங்கோ, நீளம் உயரம் எவ்வளவு, அத்திவாரம் எத்தினை அடி, நாலு இஞ்சித் தடிப்புக் கல்லோ ஆறு இஞ்சித் தடிப்புக் கல்லோ, தூண் எத்தினை, சாமான் ஆர் வாங்குறது, பழைய மதில் இடிச்ச கல்லை ஆர் அள்ளுறது. இந்தக் கடைசி ஒண்டை எல்லாரும் மறந்திடுவினம், பிறகு கல்லுக்கும்பி மாதக்கணக்கில வாசலில கிடக்கும்.

காசை ஒருக்காலும் முழுசா முன்னுக்குக் குடுக்காதேங்கோ. மூடுபடப்போற ஒவ்வொரு கட்டமும் கண்ணால பாத்த பிறகு குடுக்கிறதுதான் முறை. அத்திவாரக் கிடங்கு வெட்டி முடிய ஒரு பங்கு, அத்திவாரமும் பீமும் முடிய ஒரு பங்கு, கல்லு வைச்சு முடிய ஒரு பங்கு, கடைசிப் பங்கு பூசி ரெண்டு கிழமை போய் வெடிப்பு ஒண்டும் இல்லாட்டி. வெளியூரில இருக்கிற ஆக்கள் கிடங்குக்குள்ள அளவு ரேப்பை வைச்சு வட்ஸ்அப்பில படம் அனுப்பச் சொல்லுங்கோ, நல்ல மேசன் அதுக்குக் கோவிக்க மாட்டார்.

எல்லைப் பக்கம் எண்டா பழைய மதிலை இடிக்க முன்னம் பக்கத்து வீட்டுக்காரரோட கதையுங்கோ. மதில் ஆரின்ர, எல்லை மதிலின்ர நடுவிலயோ ஒரு பக்கத்திலயோ எண்டு காணி உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்துப் பாத்து, சந்தேகம் எண்டா லைசென்ஸ் உள்ள நில அளவையாளரைக் கூப்பிட்டு எல்லைக்கல்லுப் போடுவியுங்கோ. இடிச்ச பிறகு எல்லை தெரியாது, அங்கதான் பிரச்சினை துவங்குறது. முத்தினா மத்தியஸ்த சபைக்குப் போகலாம், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தில உருவானது, இப்பிடியான பிணக்குகளைப் பேசித் தீர்க்கத்தான் அது இருக்கு, ஆனா வேலிச் சண்டையில தலைமுறையாக் கதையாத சொந்தங்கள் எங்கட ஊரில எத்தினை, அதுவரைக்கும் விடாதேங்கோ. றோட்டுப் பக்கமோ ஒழுங்கைப் பக்கமோ எண்டா பிரதேச சபையிலயோ மாநகர சபை நகர சபையிலயோ முதலே போய்க் கேட்டு அனுமதி எடுங்கோ, பழைய மதில் நிண்ட இடத்திலதானே கட்டுறன் எண்டு நினைக்க வேண்டாம், வீதிக்கோடு, அதாவது றோட்டுக்கெண்டு சபை குறிச்ச எல்லை, உள்ளுக்க வந்திருந்தா புது மதிலைத் தள்ளித்தான் கட்ட வேணும்.

சாமான். செங்கல் எங்கட பக்கம் குறைவு, சீமெந்துக் கல்லுத்தான். பதினாறுக்கு எட்டு இஞ்சிக் கல் எண்டா சாந்தோட சேத்து ஒரு சதுர அடிக்கு ஒண்டேகால் வராது, ஒண்டும் கொஞ்சமும். 50 அடி நீளம் 5 அடி உயரம் எண்டா 250 சதுர அடி, 280 கல் அளவில வரும், உடைவுக்கும் சேத்து 300 வாங்கினா காணும். ரெண்டு கல்லைத் தட்டினா கணீர் எண்டு கேக்க வேணும், ஓரத்தை ஆணியால கீறினா மணல் உதிரக்கூடாது. நேத்து அரிஞ்ச கல்லை வாங்காதேங்கோ, ஆகக் குறைஞ்சது ரெண்டு மூண்டு கிழமை தண்ணி ஊத்திக் காஞ்ச கல். அதைப் பிறகு தொட்டிக்க ஊறப்போடவும் தேவையில்லை, அது செங்கல்லுக்குச் செய்யிறது, சீமெந்துக் கல்லில வைக்கிற பக்கம் லேசா ஈரமாக்கினா போதும். மணல் வந்து இறங்கின உடன ஒரு சோடாப் போத்திலில பாதிக்கு மணலும் மிச்சத்துக்குத் தண்ணியும் விட்டுக் குலுக்கி வையுங்கோ, ரெண்டு மூண்டு மணித்தியாலம் போக மணலுக்கு மேல சேறு தனியா படியும், அது தடிப்பா நிண்டா அந்த லோட்டைத் திருப்பி அனுப்புங்கோ. பழைய மேசன்மார் ஒரு துளியை நாக்கில வைச்சு உப்புப் பாப்பினம், அதுவும் சரிதான். பழைய மதிலில சுண்ணாம்புக் கல் இருந்தா எறியாதேங்கோ, ஒட்டின சாந்தைத் தட்டிப்போட்டு அத்திவாரத்துக்குப் போடலாம்.

அத்திவாரம்தான் எல்லாம். சில இடத்தில ஒண்டரை அடியிலயே பார்க்கல் (நிலத்துக்கடியில கிடக்கிற பாறை) வந்திடும், அது அதிர்ஷ்டம், மேலால துப்பரவாக்கி சமப்படுத்திக் கட்டலாம். செம்பாட்டு மண்ணிலயோ போட்ட மண்ணிலயோ எண்டா உறுதியான மண் வாறவரைக்கும் போக வேணும், ரெண்டடிக்குக் குறையாம, அகலமும் ஒண்டரை அடிக்குக் குறையாம. கிடங்குக்குள்ள தண்ணியோ சருகோ இருக்க கல்லுப் போட விடாதேங்கோ. கல்லுக்கட்டுக்கு மேல 10 மில்லிமீற்றர் கம்பி நாலு போட்டு பீம் ஒண்டு ஓடுறது நல்லது, கம்பி மண்ணில கிடக்காம ஒண்டரை இஞ்சியாவது கொங்கிறீற் சுத்திவர இருக்க வேணும், அதுக்குச் சின்னச் சீமெந்துக் கட்டிகள் செய்து கம்பிக்குக் கீழ வைப்பினம். மண் உயரமா இருக்கிற பக்கம் எண்டா அடியில நாலஞ்சு அடிக்கு ஒருக்கா ரெண்டு இஞ்சிப் பைப் துண்டு வைச்சு தண்ணி வெளியேற விடுங்கோ, பின்பக்கம் பைப் வாயில சல்லிக்கல் போட்டா அடையாது, ஆனா அந்தத் தண்ணி பக்கத்து வளவுக்க விழுமெண்டா வைக்க முன்னம் அவையிட்டயும் ஒரு சொல்லுக் கேளுங்கோ. எங்கட மதில் ரெண்டாந்தரம் நிண்டது இந்தப் பைப்பாலதான். மண் ரெண்டு மூண்டு அடிக்கு மேல உயரம் எண்டா அது மதில் இல்லை, மண் தாங்கிற சுவர், இஞ்சினியர் ஒருத்தரிட்டக் காட்டாமக் கட்டாதேங்கோ.

மேல கட்டேக்க எட்டுப் பத்து அடிக்கு ஒரு தூண், இருபது இருபத்தஞ்சு அடிக்கு ஒருக்கா மேலயிருந்து கீழவரை அரை இஞ்சி இடைவெளி. கலவை சீமெந்து ஒண்டுக்கு மணல் அஞ்சு, பெட்டி வைச்சு அளக்கச் சொல்லுங்கோ, மண்வெட்டிக் கணக்கு பின்னேரமாக ஒண்டுக்கு எட்டாப் போயிடும். குழைச்சு ஒண்டரை மணித்தியாலத்துக்குப் பிறகு இறுகின சாந்துக்குத் தண்ணி விட்டுத் திருப்பிக் குழைக்க விடாதேங்கோ. ஒரே நாளில நாலஞ்சு அடிக்கு மேல உயர்த்தவும் வேண்டாம். தூக்குக்குண்டைத் தூணில மட்டுமில்லாம நடுவிலயும் பிடிச்சுப் பாருங்கோ.

காலம் எண்டா தை கடைசியிலயிருந்து புரட்டாதிக்குள்ள. நல்லூர்த் திருவிழா நேரம் வெளிநாட்டுச் சனம் வந்து வீட்டு வேலையெல்லாம் துவங்க மேசனும் கிடையாது, அதால மாசி பங்குனியில பேசி வையுங்கோ. இடையில மதில் இல்லாத நாளுக்கு தகரமோ கிடுகோ வைச்சு அடையுங்கோ, கட்டாக்காலி மாடு ஒரு இரவில பயிர் முழுக்கத் திண்டிடும். வேலைக்கு வாறவைக்குப் பத்து மணித் தேத்தண்ணியும் ஏதும் கடியும் குடுங்கோ, வெயிலுக்க நிண்டு கல்லுத் தூக்குறவை, அது சம்பளக் கணக்கில வராது.

கட்டி முடிஞ்சா ஏழு நாளைக்குக் காலமையும் பின்னேரமும் தண்ணி அடியுங்கோ, கோடை வெயில் எண்டா ஈரச்சாக்கும் போட்டு விடுங்கோ, இது மேசன்ர வேலையில்லை, வீட்டில நிக்கிற உங்கட வேலை. மதிலோட விறகு அடுக்கிறது, குப்பை மண் குவிக்கிறதை விட்டிடுங்கோ. மதிலோட ஒட்டி நிக்கிற வேப்பமரத்தைத் தறிக்கத்தான் வேணுமெண்டில்லை, அந்த இடத்தில அத்திவாரத்தை வேருக்கு இடைவெளி விட்டுத் தாண்டி, ரெண்டு பக்கமும் தூண் வைச்சு மேலால பீம் போட்டுக் கட்டலாம், எங்கட மரம் இப்பவும் நிக்குது.