சோலார், காற்றாலை பற்றி மாணவர்களிடம் கருத்துக்கணிப்பு: கேள்வித்தாள் முதல் கணக்கு வரை

"சோலார் நல்லதா?" என்று கேட்டால் வகுப்பே கை தூக்கும். அதை மனப்பான்மை என்று எழுதிவிடாதீர்கள். செலவும் இடைஞ்சலும் தன் தலையில் விழும்போது அதே மாணவர் என்ன சொல்கிறார் என்பதைத்தான் அளக்க வேண்டும்.

15 முதல் 20 வாக்கியங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் மறுக்கிறேன்' (1) முதல் 'முற்றிலும் ஏற்கிறேன்' (5) வரை. "சோலாரும் காற்றாலையும் மலிவு" என்று எழுதினால் ஒரு வரிக்குள் இரண்டு கேள்வி, பிரித்துவிடுங்கள். "சோலாரை ஆதரிக்கிறேன்" என்பதும் வீண். அதற்குப் பதில்: "வீட்டுக் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 200 ரூபாய் கூடினாலும் சோலார் மின்சாரமே வேண்டும்." காற்றாலைக்கு: "எங்கள் ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டரில் காற்றாலை வந்தால் எனக்குச் சம்மதம்." சொந்த ஊரையும் கேட்டு வையுங்கள், காற்றாலைகள் நிறைந்த முப்பந்தல் பக்கத்துப் பிள்ளைக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல.

நாலைந்து வாக்கியங்கள் எதிர்த்திசையில் இருக்கட்டும்: "கூரையில் சோலார் போடுவது பணத்துக்குக் கேடு." 'மாட்டேன்', 'இல்லை' என்று முடிக்காதீர்கள், எதிர்மறையை மறுக்கப் போய் மாணவர் குழம்பிவிடுவார். கணக்கிடும்போது இவற்றின் மதிப்பெண்ணை 6-இலிருந்து கழிக்க வேண்டும். 'தெரியாது' என்பதற்குத் தனிக் கட்டம் கொடுங்கள். இல்லாவிட்டால் தெரியாதவரும் 3-ஐத்தான் குறிப்பார், நடுநிலையாளரோடு கலந்துவிடுவார்.

3,000 பேர் படிக்கும் கல்லூரியில் 95% நம்பகத்தன்மை, 5% பிழை வரம்பு (உங்கள் சதவீதம் உண்மையிலிருந்து முன்பின் 5 புள்ளிக்குள் இருக்கும் என்று 95% உறுதி) என்றால் 341 பதில்கள் தேவை. விடுதியில் 40% பேர் என்றால் அதில் 136 பேர் அங்கிருந்து வர வேண்டும். துறை, ஆண்டு வாரியாகவும் இப்படியே பிரியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்மைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் உங்கள் நண்பர்களும் சுற்றுச்சூழல் மன்றத்தாரும்தான் நிரப்புவார்கள். ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் அச்சுத்தாளைக் கொடுங்கள். பதிவெண் கேட்க வேண்டாம். கேட்டால் ஆசிரியருக்குப் பிடித்த பதில்தான் வரும்.

அதற்கு முன் 30 பேரிடம் ஒத்திகை. க்ரோன்பாக் ஆல்ஃபா (வாக்கியங்களுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.7-க்குக் கீழே இறங்கினால் உடனே கேள்விகளை வெட்டாதீர்கள். 6-இலிருந்து கழிக்க மறந்தீர்களா என்று முதலில் பாருங்கள். மைனஸில் வந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். நேர், எதிர் வாக்கியங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் குறித்த தாள்கள் பெரும்பாலும் படிக்காமல் நிரப்பியவை. நீக்கிவிட்டு, எத்தனை நீக்கினீர்கள் என்று அறிக்கையில் எழுதுங்கள்.

விடுதி மாணவர் பலர் கரண்ட் பில்லைக் கண்ணால் பார்த்ததில்லை. 200 ரூபாய்க் கேள்விக்கு மட்டுமாவது அவர்கள் பதிலைத் தனி அட்டவணையில் போடுங்கள்.