அடுக்குப் பீங்கான்: வலுவும் நம்பகமும் கூடும்படி அலுமினா–சிர்க்கோனியாத் தகடு செய்வது

அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பீங்கான் தகடு வளையும்போது, இழுபடும் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தாலே போதும், இரண்டாகிவிடும். அந்தப் பக்கத்தை முன்கூட்டியே அமுக்கி வைத்துவிட்டால் கீறல் எளிதில் வாய் திறக்காது. மெல்லிய ஏடுகளை அடுக்கிச் சுட்டால் அந்த அமுக்கம் தானே வரும். சிர்க்கோனியா (சிர்க்கோனியம் ஆக்சைடு) சூடேறினால் அலுமினாவைவிடக் கூடுதலாக விரியும், ஆறும்போது கூடுதலாகச் சுருங்கும். உள்ளே இருப்பது கூடுதலாகச் சுருங்கினால் வெளி ஏட்டையும் இழுத்து அமுக்கும். ஆகவே சிர்க்கோனியா மிகுந்த ஏடுகள் உள்ளே, அலுமினா மிகுந்தவை வெளியே. மாற்றி அடுக்கினால் மேற்பரப்பு இழுவிசையில் மாட்டிக்கொண்டு, சூளையைத் திறக்கும்போதே வெடிப்போடு நிற்கும்.

பொடியும் கூழும்

வெளி ஏட்டுக்குப் பருமனளவில் 95% அலுமினா, 5% சிர்க்கோனியா (3 மோல் விழுக்காடு இட்ரியா, அதாவது இட்ரியம் ஆக்சைடு, கலந்த வகை). உள் ஏட்டுக்கு 70%, 30%. தராசில் நிறுக்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். சிர்க்கோனியாவின் அடர்த்தி கன செ.மீ.க்கு 6.05 கிராம், அலுமினாவுடையது 3.98. அதனால் 100 கிராம் உள் கலவைக்குச் சிர்க்கோனியா 39.4 கிராம் வேண்டும், வெளிக் கலவைக்கு 7.4 கிராம். "30 விழுக்காடு" என்று 30 கிராம் போட்டால் பருமனில் 22 விழுக்காடுதான் சேரும். அமுக்கமும் அதற்கேற்பக் குறையும். வெளியே அந்த 5 விழுக்காடு எதற்கு என்றால், அலுமினா மணிகள் பெருத்துப்போகாமல் தடுக்கவும், இரண்டு ஏடுகளின் சுருக்கத்தை அருகருகே கொண்டுவரவும்.

பொடியை 110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, சூடு ஆறியதும் நிறுங்கள். 100 கிராமுக்கு, பொடி கட்டியாகாமல் பிரித்து வைக்கும் மென்ஹேடன் மீனெண்ணெய் 1.5 கிராம், மெத்தில் எத்தில் கீட்டோனும் எத்தனாலும் எடையில் 2:1 கலந்த கரைப்பான் ஏறக்குறைய 45 கிராம். சிர்க்கோனியா உருண்டைகளோடு 24 மணி நேரம் உருட்டுங்கள். பிறகுதான் பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிசின் 5 கிராமும், ஏட்டை வளையவைக்கும் இளக்கி 4 கிராமும் சேர்த்து மீண்டும் 24 மணி நேரம். பிசினை முதலிலேயே கொட்டினால் அது மீனெண்ணெய்க்கு முன்பே பொடியில் ஒட்டிக்கொள்ளும், கட்டி கரையாது. அந்தக் கட்டிதான் பின்னால் உடைவின் தொடக்கப் புள்ளி. சல்லடையில் வடித்து, வெற்றிடத்தில் குமிழி நீக்கி, டாக்டர் பிளேடால் (கூழைச் சீரான தடிமனில் பரப்பும் கத்தி) வாருங்கள். உலர்ந்த ஏடு 0.16 மி.மீ. வரவேண்டும்; கத்திக்குக் கீழே உள்ள இடைவெளியை 0.35 மி.மீ. அளவில் தொடங்கிச் சரிசெய்யலாம்.

பினாங்கு போன்ற ஊர்களின் ஈரக் காற்று இந்தக் கட்டத்தில் கெடுதல் செய்யும். கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது ஏட்டின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் பனிபோல் படியும், வெண்திட்டுகள் தெரியும். குளிரூட்டிய, ஈரம் குறைத்த அறையில், படுக்கையை மூடிவைத்து மெதுவாக உலரவிடுங்கள். மின்விசிறி வேண்டவே வேண்டாம். கரைப்பான் ஆவி தீப்பற்றக்கூடியது, ஆகவே உறிஞ்சு கூண்டுக்குள்தான் வேலை.

அடுக்குதல்

மேலே 2 வெளி ஏடு, நடுவே 20 உள் ஏடு, கீழே 2 வெளி ஏடு. சுட்டபின் வெளிப்பக்கம் ஒவ்வொன்றும் 0.25, நடுப்பகுதி 2.5, மொத்தம் 3 மி.மீ. வரும். மேல்–கீழ் சமமில்லை என்றால் தகடு அப்பளமாக வளையும். வார்த்த திசையிலும் குறுக்கிலும் சுருக்கம் ஒன்றாக இருக்காது. ஆகவே ஒவ்வோர் ஏட்டையும் அதன் கீழுள்ளதற்கு 90 டிகிரி திருப்பி வையுங்கள். 75 டிகிரியில், 25 மெகாபாஸ்கலில் 10 நிமிடம் அழுத்துங்கள். பாதியில் அச்சை 180 டிகிரி திருப்பினால் அழுத்தம் ஒரு பக்கமாகச் சாயாது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. வெளி அமுக்கத்தை இரு பக்கமும் சேர்த்த வெளித் தடிமனால் பெருக்கினால் வருவதும், உள் இழுவிசையை உள் தடிமனால் பெருக்கினால் வருவதும் சமம். வெளியே 300 மெகாபாஸ்கல் (இந்தக் கலவைக்கு அந்த அளவில்தான் வரும்) என்றால் 300 × 0.5 = 150; அதை 2.5ஆல் வகுத்தால் உள்ளே 60. வெளி ஏட்டைத் தடிமனாக்கினால் பாதுகாப்பு கூடும் என்று தோன்றும், ஆனால் உள்ளே இழுவிசை ஏறி நடுப்பகுதி பிளக்கும்.

சுடுதல்

200 முதல் 500 டிகிரி வரை நிமிடத்துக்கு 0.3 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். 600இல் 2 மணி நேரம். இங்கே அவசரப்பட்டால் பிசின் வாயு ஏடுகளுக்கிடையே கொப்புளமாகும். பிறகு நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 1550 வரை, அங்கே 2 மணி நேரம். ஆறும்போது நிமிடத்துக்கு 3 டிகிரி. முன்னதாக ஒவ்வொரு கலவையையும் தனித்தனியாகச் சுட்டு நீளச் சுருக்கத்தை அளந்துவிடுங்கள். ஒரு விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் வேறுபட்டால் அடுக்கிப் பயனில்லை.

சோதனை

ஏ.எஸ்.டி.எம். (அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு) சி1161 முறையில் நான்கு புள்ளி வளைவு: 3 × 4 × 45 மி.மீ. சட்டம், கீழே தாங்கும் முனைகளுக்கு 40, மேலே சுமை ஏற்றும் முனைகளுக்கு 20 மி.மீ. இடைவெளி. வழக்கம்போல் இழுபடும் முகத்தைத் தேய்த்தால் 0.25 மி.மீ. காப்பு ஏடு தேய்ந்து காணாமல் போகும்! அதைச் சுட்டபடியே விடுங்கள். நீள விளிம்புகளை மட்டும் மழுக்குங்கள்.

மூன்று சட்டம் உடைத்துச் சராசரி சொல்வது கணக்காகாது. குறைந்தது 30 உடைத்து, வெய்புல் எண்ணைப் பாருங்கள்; அது கூடக் கூட வலிமை சட்டத்துக்குச் சட்டம் குறைவாகவே மாறும். இயல்பு வலிமை (ஏறக்குறைய 63 விழுக்காடு சட்டங்கள் உடையும் அளவு) 500 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், நூறில் ஒன்று உடையும் சுமை, எண் 10 ஆனால் 316, எண் 20 ஆனால் 397. வாங்குபவருக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை.

உடைந்த முகங்களை நுண்ணோக்கியில் பாருங்கள். தொடக்கம் வெட்டு விளிம்பில் என்றால் வைர வாளின் வேகத்தைக் குறையுங்கள். ஏடுகளின் சந்திப்பில் என்றால் அழுத்தம் போதவில்லை, அல்லது இடையில் தூசி. உள்ளே வெண்கட்டி தெரிந்தால் கூழ் உருட்டும் கட்டத்துக்கே திரும்ப வேண்டும்.