சொந்த லாரி: சாவி வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

சிங்கப்பூரில் சம்பளத்துக்கு லாரி ஓட்டும் நம் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, சொந்தமா ஒரு பதினாலடி லாரி எடுத்துட்டா என்ன?" எடுக்கலாம், நானும் எடுத்தவன்தான். ஆனால் வேலை கிடைக்காமல் லாரியை விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வேலை கைநிறைய இருந்தும், பணம் வரும் தேதிக்கும் போகும் தேதிக்கும் ஒத்துவராமல் கவிழ்ந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

முதல் படி, தகுதி. ஒர்க் பர்மிட்டில் இருப்பவர்கள் சொந்தத் தொழில் செய்ய முடியாது. வேறொருவர் பெயரில் எடுத்து ஓட்டலாம் என்று யார் ஆசை காட்டினாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். குடிமக்களும் பிஆர்களும் (நிரந்தரவாசிகள்) தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தனி உரிமையாளராகப் பதியலாம். பெயருக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. அப்புறம் லைசென்ஸ். சரக்கு ஏற்றாத வண்டியின் எடை 2,500 கிலோவைத் தாண்டினால் கிளாஸ் 3 போதாது, கிளாஸ் 4 வேண்டும், அதனால் அடியை மட்டும் கேட்காமல் எடையையும் கேளுங்கள்.

இரண்டாவது, எந்த லாரி. முதல் லாரி புதிதாக வேண்டாம் என்பேன். வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்தான் சிஓஇ. சரக்கு வாகனங்களுக்கான சி பிரிவு சிஓஇ அண்மை ஆண்டுகளில் 60,000 வெள்ளிக்கு மேலேயே நிற்கிறது, அதுவும் 10 ஆண்டுக்குத்தான். பழைய லாரி பார்க்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், சிஓஇ இன்னும் எத்தனை மாதம் என்று பாருங்கள். 5 ஆண்டு மீதமுள்ள வண்டியை 60,000 வெள்ளிக்கு வாங்கினால், நீங்கள் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதம் 1,000 வெள்ளி கரைகிறது. காரைக் கழிக்கும்போது திரும்பக் கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடியும் லாரிக்குக் கிடையாது. ஏற்கெனவே 5 ஆண்டுக்குப் புதுப்பித்த சிஓஇ என்றால் மறுபடி நீட்டிக்க முடியாது, அது முடிந்ததும் வண்டியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். 10 வயது தாண்டிய லாரியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், அந்த நாட்களின் கூலியும் போச்சு.

மூன்றாவது, கடன். விற்பவர் "3 விழுக்காடுதான்" என்பார். அது பிளாட் வட்டி. 50,000 வெள்ளிக்கு 5 ஆண்டில் வட்டி 7,500, மாதத் தவணை ஏறக்குறைய 958. அசல் குறையக் குறைய வட்டி குறைவதில்லை என்பதால் உண்மையில் நீங்கள் கட்டுவது ஐந்தரை விழுக்காட்டுக்கும் மேல். இரண்டு கடன்களை ஒப்பிடும்போது அந்த உண்மை வட்டியைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, ஒரு நாள் கணக்கு. தவணை, காப்புறுதி, சாலை வரி, பார்க்கிங், டயர், சர்வீஸ் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு மாதம் 2,160 வந்தது, 24 நாள் ஓடுகிறீர்கள் என்றால், டீசல் ஊற்றும் முன்பே நாளுக்கு 90 வெள்ளி. அதற்குமேல் டீசல், ஈஆர்பி என்கிற மின்னியல் சாலைக் கட்டணம். கனரக லாரிக்கு ஈஆர்பி கார் கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்கு, மிகக் கனரகத்துக்கு இரண்டு மடங்கு. சரக்கோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 5,000 கிலோவைத் தாண்டும் வண்டிக்குப் பார்க்கிங் சான்றிதழ் இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது, ஆகவே வாங்கும் முன்பே இடம் பிடியுங்கள்.

இந்தக் கணக்கில் பழுதுக்கு ஒரு தொகையை நான் ஆரம்பத்தில் ஒதுக்கவில்லை. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் விடியற்காலை வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது டெயில்கேட் (சரக்கைத் தூக்கும் பின்பக்கப் பலகை) பாதி உயரத்தில் நின்றுவிட்டது, அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த மாதம் எனக்கு வர வேண்டிய பணம் நிறைய இருந்தது, கையில் மட்டும் இல்லை, தவணைத் தேதியோ நான்கு நாளில்.

ஐந்தாவது படிதான் எல்லாவற்றிலும் பெரியது. இங்கே கம்பெனிகள் 30 நாள், 60 நாள், சில சமயம் 90 நாள் கழித்துத்தான் பணம் தரும். ஜனவரியில் ஓட்டிய வேலைக்கு ஏப்ரலில் பணம் என்றால், அதுவரை டீசலும் தவணையும் வீட்டுச் செலவும் உங்கள் சேமிப்பிலிருந்துதான். மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் லாரி வாங்காதீர்கள், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரே முதலாளியை நம்பாமல், உடனே காசு தரும் சின்ன வாடிக்கையாளர் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். சரக்கை இறக்கியதும் டிஓவில் (சரக்கு ஒப்படைப்புத் தாள்) சாப் (கம்பெனி முத்திரை), கையெழுத்து, தேதி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே நின்று போனில் படம் எடுத்துவிடுங்கள். சாப் இல்லாத தாளை வைத்துக்கொண்டு கணக்குப் பிரிவில் பேச முடியாது. இன்வாய்ஸை மாதக் கடைசிவரை சேர்த்து வைக்காமல் வாரா வாரம் அனுப்புங்கள். தராமல் இழுத்தடித்தால், 20,000 வெள்ளி வரை சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை.

கடைசியாக, காப்புறுதி. லாரிக்கு எடுப்பது லாரிக்கு மட்டும்தான், ஏற்றிய சரக்குக்குத் தனியாக எடுக்க வேண்டும். சொந்தத் தொழில் செய்பவருக்கு வேலையிடக் காயத்துக்கான சட்ட இழப்பீடும் கிடையாது. முதுகு பிடித்து இரண்டு வாரம் படுத்தாலும் தவணை நிற்காது, ஆகவே சாவி வாங்கும் அன்றே உங்கள் பெயரிலும் ஒரு விபத்துக் காப்புறுதி எடுத்துவிடுங்கள்.