உப்புத்தாளைத் தூர வையுங்கள்: பழைய டிவியின் பெட்டியும் திரையும்

நான் முதன்முதலாகக் கைவைத்த மரப்பெட்டி டிவியைக் கெடுத்தவன் நானேதான். மேல்பரப்பு வெளிறி, வரிவரியாக வெடித்திருந்தது. 120ஆம் எண் உப்புத்தாளை எடுத்துப் பரபரவென்று தேய்த்தேன். பத்து நிமிடத்தில் தேக்கின் நிறம் போய், அடியில் வெளுத்த ஒட்டுப்பலகை பல்லிளித்தது. நான் தேக்குப் பலகை என்று நம்பியது அரை மில்லிமீட்டர் வெனியர், அதாவது மெல்லிசாகச் சீவி மேலே ஒட்டிய மரத் தகடு. அந்தப் பெட்டி இன்று என் பட்டறையில் ஆணியும் திருகும் போட்டுவைக்கும் அலமாரி. உப்புத்தாளை எடுக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது.

மரவேலைக்கு முன்னால் உயிர் விஷயம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூப், அதாவது படம் தெரியும் பெரிய கண்ணாடிக் குழாய், மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும். கறுப்பு வெள்ளை டியூப் என்றால் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல், கலர் என்றால் இருபதாயிரத்துக்கு மேல் போகும். கண்ணாடிக்கு உள்ளும் புறமும் கரிப்பூச்சு இருப்பதால் டியூபே ஒரு பெரிய கபாசிட்டர், மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் பாகம். பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் விடுங்கள். பிறகு, நல்ல காப்புள்ள பிடியோடு கூடிய நீண்ட தட்டைத் திருப்புளியின் கம்பியில் ஒரு ஒயரை முடிந்து, மறுமுனையை டியூபின் கறுப்புப் பூச்சைத் தொட்டுக்கொண்டிருக்கும் பின்னல் கம்பியில் கவ்வ வையுங்கள். இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, டியூபின் பக்கவாட்டிலுள்ள ரப்பர் தொப்பிக்கு அடியில் திருப்புளியை உலோகம் தட்டுப்படும்வரை நுழையுங்கள். 'டக்' என்று கேட்கலாம், கேட்காமலும் போகலாம். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் செய்யுங்கள்; கண்ணாடி உறிஞ்சிவைத்த மின்னூட்டம் மெல்லத் திரும்பி வரும். முதல் தடவை மட்டும் பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் தன்மானம் பார்க்க வேண்டாம்.

டியூபுக்குள் வெற்றிடம். 20 அங்குலத் திரையின் முகத்தைக் காற்று ஒரு டன்னுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் அதை வெளியே எடுக்காதீர்கள். பின்னால் நீண்டிருக்கும் கழுத்துதான் அதன் பலவீனமான இடம்; அதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. மடித்த கம்பளியின் மேல் முகம் குப்புற வைப்பதே சரி. பின்புறக் கரிப்பூச்சை அழுக்கு என்று நினைத்து மினுமினுக்கத் துடைத்தவர்கள் உண்டு. அது மின்சுற்றின் பகுதி. தூசியை உலர்ந்த தூரிகையால் தட்டினால் போதும். வால்வு காலத்துப் பெட்டியின் உள்கூரையில் சாம்பல் வெள்ளையில் வெப்பத்தடுப்பு அட்டை இருந்தால், அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். சுரண்டாதீர்கள், துளையிடாதீர்கள்.

திரைக்கு வருவோம். பழைய பெட்டிகளில் டியூபுக்கு முன்னால் தனியாக ஒரு காப்புக் கண்ணாடி இருக்கும். உயர் மின்னழுத்தம் தூசியையும் புகையையும் இழுத்து இந்த இரண்டுக்கும் நடுவே படியவைக்கிறது. 'டியூப் செத்துவிட்டது, படம் மங்கல்' என்று என்னிடம் வந்த ஒரு பெட்டியில் முதல் துணி பிழிந்த தண்ணீர் கஷாய நிறத்தில் இருந்தது. அவ்வளவுதான் அதன் நோய். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். கண்ணாடிமேல் நேரடியாகத் தெளித்தால் நீர் ஓரங்களில் இறங்கிவிடும். கண்ணாடியின் பின்பக்கம் தங்க நிறக் கோடோ எழுத்தோ அச்சிட்டிருந்தால் அங்கே அம்மோனியா கலந்த திரவம் ஆகாது, ஒரே துடைப்பில் எழுத்து துணிக்கு வந்துவிடும். காப்பு கண்ணாடியாக இல்லாமல் பிளாஸ்டிக்காக இருந்தால் ஸ்பிரிட்டைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். மயிரிழை வெடிப்புகள் ஓடும்.

இன்னொரு வகையில் காப்புக் கண்ணாடியைப் பிசினால் டியூபோடு ஒட்டியிருப்பார்கள். அந்தப் பிசின் கெட்டால் மூலையிலிருந்து வெள்ளைத் திட்டு உள்ளே படரும். பார்க்கக் கண்புரை மாதிரியே இருக்கும், பெயரும் அதுதான். மெதுவாகச் சூடேற்றி, மெல்லிய கம்பியை ரம்பமாக இழுத்துப் பிரிக்கலாம் என்பார்கள். இரண்டு முறை செய்தேன், இரண்டாவதில் முன்கண்ணாடி உடைந்தது. திட்டு ஓரத்தோடு நின்றிருந்தால் விட்டுவிடுங்கள் என்பதே என் கட்சி; சட்டம் அதை மறைத்துக்கொள்ளும். கீறல்களைச் சீரியம் ஆக்சைடு என்னும் மெருகுப்பொடி போட்டு மெருகேற்றுவது கழற்றக்கூடிய தனிக் கண்ணாடிக்கு மட்டும். நகம் தட்டுகிற ஆழமான கீறல் அதற்கும் போகாது. டியூபின் முகத்தில் மெருகு இயந்திரம் வேண்டவே வேண்டாம்.

பெட்டியை முதலில் வெறுமனே துடைத்து அழுக்கெடுங்கள். டர்பன்டைன் நனைத்த துணி பழைய மெழுகையும் கைப்பிசுக்கையும் கரைக்கும். பாதிப் பெட்டிகளுக்கு வேலை இதோடு முடிந்துவிடுகிறது. முடியாவிட்டால் பூச்சு என்னவென்று கண்டுபிடியுங்கள். கண்ணில் படாத மூலையில் பஞ்சால் ஸ்பிரிட் தொட்டுப் பிசுபிசுத்தால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் பின்னாளைய பூச்சு. அதைத் துடைத்து மெழுகிட்டுவிடுங்கள். அரக்கும் லாக்கரும் வெடித்திருந்தால் உரித்தெடுக்க வேண்டியதில்லை. அதனதன் கரைப்பானைத் தூரிகையில் எடுத்து ஒரே போக்கில் தடவினால் பூச்சு இளகித் தானே கூடிக்கொள்ளும். தடவிய இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது, கை அரித்தாலும் கூடாது. பெட்டியைப் படுக்கவைத்து, காற்றோட்டத்தில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள்.

வெனியர் உப்பிய இடத்தை நகத்தால் தட்டினால் பொத்தென்று கேட்கும். மர ஓட்டத்தின் திசையிலேயே பிளேடால் கீறி, ஊசி போடும் குழலால் மரப்பசை செலுத்தி, பிளாஸ்டிக் தாள் விரித்து, இரவு முழுக்கப் பாரம் வையுங்கள். வஜ்ஜிரப் பசையால் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) ஒட்டிய பழைய வெனியருக்கு ஈரத்துணி மேல் இஸ்திரிப் பெட்டியைச் சில விநாடி அழுத்தினாலே போதும், பசை இளகி மறுபடி பிடித்துக்கொள்ளும். வெனியர் அடியோடு உதிர்ந்திருந்தால் ஒட்டு போட வேண்டியதுதான். சதுரமாக வெட்டினால் கண் நேராக அங்கேதான் போகும். மர ஓட்டத்தோடு படகு வடிவில் வெட்டுங்கள். என் ஒட்டுகளுக்கெல்லாம் தேக்கு தருவது அந்த முதல் பெட்டியின் பக்கவாட்டு. நல்ல வேளை, அன்று மேல்பக்கத்தோடு நிறுத்தினேன்.

இழுத்து மூடும் ஷட்டரில் சட்டங்கள் ஒரு துணிமேல் ஒட்டியிருக்கும். இற்றுப்போவது துணிதான், மரமல்ல. புதுக் கித்தானில் ஒட்டும்போது பசை சட்டங்களுக்கு நடுவே கசிந்தால் ஷட்டர் மடங்காது. பள்ளத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

குமிழ்களைத் திருப்புளியால் நெம்பாதீர்கள். பின்னால் துணி நாடாவைச் சுற்றி நேராக இழுங்கள். சோப்பு நீரும் பழைய பல்துலக்கும் தூரிகையும் அவற்றுக்குப் போதும். குமிழின் பக்கவாட்டுத் துளையில் சிறு திருகும் அதன்மேல் மெழுகும் இருந்தால், மாட்டும்போது மெழுகை மறுபடியும் அடைக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பல பெட்டிகளில் உள்சட்டகம் நேராக மின்இணைப்பிலேயே இருக்கும். அந்தத் திருகு வழியாக ஷாக் விரலுக்கு வரும். பின்மூடி இல்லாமல் பெட்டியை ஓடவிடக் கூடாது என்பதும் இதனால்தான்.

கடைசி மெருகுக்கு நான்கு பூஜ்ய எண்ணுள்ள இரும்புக் கம்பளியில் மெழுகு தொட்டுத் தேய்க்கிறேன். அதற்கு முன் ஸ்பீக்கரைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுவேன். இரும்புத்தூள் காந்தத்தில் ஏறினால் பிறகு அது கரகரவென்றுதான் பாடும்.

பளபளப்பைப் பார்த்த உற்சாகத்தில் பிளக்கைச் செருகிவிடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் கிடந்த கபாசிட்டர்களைச் சோதித்து, பழுதானவற்றை மாற்றி, முதல் தடவை டிவிக்குப் போகும் மின்இணைப்பில் தொடராக (சீரிஸில்) ஒரு குண்டு பல்பை இணைத்து ஏற்றுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.